கறுப்புத் திரைக்கு முன் கறுப்பு முகம்: நாடகத்துறை வகுப்பறையில் சாதி

“மேடை ஏறிவிட்டால் சாதி கிடையாது.” நாடகத்தைப் பட்டப்படிப்பாகச் சொல்லித்தரும் வகுப்பறைகளில் முதல் மாதத்துக்குள் காதில் விழுந்துவிடும் வாக்கியம் இது. சொல்பவர்களில் பலர் நல்லவர்கள். சிலர் சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்கள். ஊர்வலங்களுக்கு வருபவர்களும் உண்டு. ஆகவே அந்த வாக்கியத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் அந்த மேடைக்கு யார் ஏறலாம், எந்த உடலோடு ஏறலாம், ஏறியவர் மீது எந்த விளக்கு விழும், ஏறக் கற்றுத்தரும் வேலை யாருக்குக் கிடைக்கும் என்ற நான்கையும் தீர்மானிப்பது மேடை அல்ல. படிப்பு தீர்மானிக்கிறது. அந்தப் படிப்புக்குச் சாதி உண்டு.

நடிப்பும் அரங்க வடிவமைப்பும் படித்து, இப்போது அதே துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருப்பவர் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன். இது யாரோ ஒரு பேராசிரியரைப் பற்றிய புகார் அல்ல. ஒரு கல்விமுறையின் மீதான குற்றச்சாட்டு.

கூத்தாடி எப்போது ‘அரங்கவியலாளர்’ ஆனார்?

பட்டப்படிப்பு நாட்டிய சாஸ்திரத்தில் தொடங்கும். முதல் அத்தியாயத்துக் கதை எல்லோருக்கும் மனப்பாடம். நான்கு வேதங்களைக் கேட்க உரிமை இல்லாதவர்களுக்கும் சேர்த்து, எல்லா வருணத்தாருக்குமாக ஐந்தாவது வேதமாக நாட்டியத்தைப் பிரம்மா படைத்தார் என்பது அந்தக் கதை. “பாருங்கள், அன்றே எவ்வளவு ஜனநாயகம்!” என்று வியந்துவிட்டு, பாடம் ரசக் கோட்பாட்டுக்கு நகர்ந்துவிடும். அதே நூலின் இறுதிப் பகுதியில் இன்னொரு கதை இருக்கிறது. பரதரின் பிள்ளைகள் கலையில் தேர்ந்த செருக்கில் முனிவர்களைப் பகடி செய்து நடிக்கிறார்கள். முனிவர்கள் வெகுண்டு, நீங்களும் உங்கள் சந்ததியும் சூத்திரராகப் போங்கள் என்று சபிக்கிறார்கள். அதிகாரத்தில் இருப்பவரைக் கிண்டல் செய்த நடிகருக்குக் கிடைத்த தண்டனை சாதி இறக்கம். முதல் கதை தேர்வில் கேள்வியாக வரும். இரண்டாவது கதையைப் பல மாணவர்கள் கேள்விப்படாமலேயே பட்டம் வாங்கிப் போகிறார்கள். நாடகத்துக்கும் சாதிக்கும் தொடர்பில்லை என்று சொல்பவர்கள், தாங்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் நூலையாவது கடைசிவரை படிக்க வேண்டும்.

தமிழில் ‘கூத்தாடி’ இன்றும் ஒரு வசைச்சொல். அந்த வசைக்குள் இருப்பது தொழிலின் மீதான இகழ்ச்சி மட்டுமல்ல, அந்தத் தொழிலைச் செய்தவர்களின் பிறப்பின் மீதான இகழ்ச்சியும்தான். இந்த இழிவிலிருந்து நாடகத்தை ‘மீட்கும்’ வேலை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வழக்கறிஞர்களும் அதிகாரிகளும் படித்த கனவான்களும் அதில் நடித்தார்கள். நாடகம் அவர்களுக்குப் பிழைப்பு அல்ல, பொழுதுபோக்கு. அதனால் மதிப்பு வந்தது. அதே காலத்தில் கூலிக்கு ஆடியவர்களுக்கும், தேவதாசி மரபிலிருந்து மேடைக்கு வந்த பெண்களுக்கும் அந்த மதிப்பில் பங்கு கிடைக்கவில்லை. காசு வாங்காமல் நடித்தால் கலை, சோற்றுக்காக நடித்தால் கூத்தாட்டம்.

இன்றைய பட்டப்படிப்பு இந்தப் பிரிவினையைத்தான் சுவீகரித்துக்கொண்டது. முன்பு ‘அமெச்சூர்’ என்ற சொல் செய்த வேலையை இப்போது பட்டம் செய்கிறது. கூத்தாடி என்ற வசையைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவரின் பிள்ளைக்குப் பட்டம் கிடைத்த பிறகும் அந்தச் சொல் பின்னால் வருகிறது. அதை ஒருநாளும் சுமக்காதவர் முதல் நாளிலேயே ‘அரங்கவியலாளர்’ ஆகிவிடுகிறார்.

சங்கரதாஸ் சுவாமிகளுக்கு வேலை கிடைக்குமா?

புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பிக்கத் தொடங்கப்பட்ட பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரை வைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் 1867இல் பிறந்து, 1922இல் மறைந்து, பாய்ஸ் கம்பெனி மரபுக்கே அடித்தளமிட்டு, ஒரு தலைமுறை நடிகர்களைப் பயிற்றுவித்த அந்த மனிதர் இன்று உயிரோடு வந்து விண்ணப்பித்தால் எந்த நாடகத்துறையிலும் உதவிப் பேராசிரியர் ஆக முடியாது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளை எடுத்துப் பாருங்கள். வழக்கமான வழி நமக்குத் தெரியும்: 55 விழுக்காட்டு மதிப்பெண்ணோடு முதுகலை, அதன்மேல் நெட் அல்லது முனைவர் பட்டம். இதற்கு மாற்றாகக் கலைஞர்களுக்கென்று தனி வாசல் ஒன்றும் உண்டு. இசைக்கும் நடனத்துக்கும் உள்ள வாசலில், இளங்கலைப் பட்டம் கேட்டாலும், பெயர்பெற்ற மரபு ஆசான்களிடம் பயின்ற கலைஞர் என்பதை ஒரு தகுதியாக ஏற்றுக்கொள்கிறார்கள். நாடகத்துக்கு வரும்போது வாசகம் மாறுகிறது. தேசிய நாடகப் பள்ளியிலோ வேறொரு நிறுவனத்திலோ முதல் வகுப்பில் பட்டமோ பட்டயமோ பெற்றிருக்க வேண்டும், அதோடு ஐந்தாண்டு மேடை அனுபவம் வேண்டும். அதாவது இசைக்கு குரு உண்டு, நடனத்துக்கு குரு உண்டு, நாடகத்துக்கு மட்டும் நிறுவனம்தான் உண்டு. விதியை எழுதியவர்களின் கண்ணில், புரிசையிலோ திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலோ 40 ஆண்டுகள் கட்டை கட்டி ஆடி, பத்துப் பேருக்கு அடவு சொல்லிக்கொடுத்த கூத்து வாத்தியார் ‘மரபு ஆசான்’ கணக்கில் வரவில்லை.

பிறகு அவர் வகுப்பறைக்கு எப்படி வருகிறார்? பட்டறை நடத்த வருகிறார். பத்து நாள், பதினைந்து நாள். மதிப்பூதியம், ஒரு சால்வை, ஒரு குழுப் படம். அவர் சொல்லிக்கொடுத்த அடவை வைத்து மாணவர் ஒருவர் ஆய்வேடு எழுதுவார், பேராசிரியர் கட்டுரை வாசிப்பார், துறைக்கு நிதி வரும். வாத்தியாருக்கு அடுத்த அழைப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. அறிவைக் கொடுத்தவர் ‘தகவலாளி’, எழுதிக்கொண்டவர் ‘அறிஞர்’. நிலத்தில் உழுதவர் கூலி, பட்டா வைத்திருப்பவர் விவசாயி என்ற அதே கணக்குதான்.

யார் உள்ளே வருகிறார்கள்?

தேசிய நாடகப் பள்ளி 1959இல் தொடங்கப்பட்டது. லண்டனில் ராடா என்று அழைக்கப்படும் நாடகப் பள்ளியில் பயின்ற இப்ராஹிம் அல்காசி 1962 முதல் 1977 வரை அதன் இயக்குநராக இருந்தார். நாட்டின் நாடகக் கல்விக்கு ஒரு கட்டொழுங்கை அவர் கொடுத்தார் என்பதில் ஐயமில்லை. இந்தியாவின் நாடகத்துறைகளில் பெரும்பாலானவை இன்றும் அந்த அச்சில்தான் ஓடுகின்றன. அந்தப் பள்ளியில் சேரப் பல ஆண்டுகளாக இருந்துவரும் நிபந்தனைகள்: ஒரு பட்டம், குறைந்தது ஆறு நாடகத் தயாரிப்புகளில் பங்கேற்ற அனுபவம், இந்தியிலும் ஆங்கிலத்திலும் புழங்கும் அளவுக்கு அறிவு. கேட்பதற்கு நியாயமாகத்தான் தெரியும். ஆறு நாடகங்களில் நடிக்க 22 வயதுக்குள் யாருக்கு வாய்க்கிறது? நகரத்தில், மாலை நேரத்தில் வேலைக்குப் போகாமல் ஒத்திகைக்குப் போகக்கூடிய வீட்டில் பிறந்தவருக்கு. சேரியில் திருவிழாவுக்குத் திருவிழா அப்பாவோடு வேடம் கட்டிய பிள்ளைக்குச் சான்றிதழ் கொடுக்க எந்தக் குழுவின் கடிதத்தாளும் கிடையாது. இந்தி தெரியாத தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு சுவர்.

இடஒதுக்கீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதற்காகப் போராடியவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் நாடகத்துறைச் சேர்க்கையின் உயிர் எழுத்துத் தேர்வில் இல்லை, நேரில் நடித்துக் காட்டுவதிலும் நேர்காணலிலும் இருக்கிறது. நேர்காணல் மதிப்பெண் எப்படி வேலை செய்யும் என்பது புதிய விஷயமல்ல. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 2016இல் அப்துல் நாஃபே குழு, எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் நேர்காணல் மதிப்பெண்ணுக்கும் இடையில் சமூகப் பின்னணி சார்ந்த வேறுபாடு தொடர்ந்து இருப்பதைச் சுட்டிக்காட்டி, நேர்காணலின் எடையைக் குறைக்கப் பரிந்துரைத்தது. கேள்வி பதில் நேர்காணலிலேயே இந்த நிலை என்றால், உடலையும் குரலையும் முகத்தையும் பார்த்து மதிப்பெண் போடும் நடிப்புத் தேர்வைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. ‘ப்ரெசன்ஸ் இல்லை’, ‘முகத்தில் ஒளி இல்லை’, ‘உச்சரிப்பு சரியில்லை’: இந்த மூன்று சொற்களுக்கும் அளவுகோல் கிடையாது. அளவுகோல் இல்லாத இடத்தில் சாதியே அளவுகோல் ஆகும்.

நடிப்பு வகுப்பு: எது ‘நடுநிலை உடல்’?

உள்ளே வந்த பிறகு நடப்பதைச் சொல்கிறேன். பிரான்சின் ஜாக் லெகோக் வழியாக வந்த நடுநிலை முகமூடிப் பயிற்சி பல துறைகளில் உண்டு. பழக்கங்களையெல்லாம் கழற்றிவைத்துவிட்டு, எந்தக் கதாபாத்திரத்துக்கும் தயாரான ஒரு தொடக்க நிலைக்கு உடலைக் கொண்டுவருவது அதன் நோக்கம். பயிற்சியில் தவறில்லை. நம் வகுப்பறையில் அந்தத் தொடக்க நிலையாகக் காட்டப்படும் உடல் யாருடையது என்பதே கேள்வி. நிமிர்ந்த முதுகு, அளவான கையசைவு, தாழ்ந்த குரல். அது சிறுவயதிலிருந்து பரதநாட்டிய வகுப்புக்குப் போன உடல். தோள் சற்று முன்னே தள்ளி, குரலை எறிந்து, கையை வீசிப் பேசும் உடல் ‘திருத்தப்பட வேண்டியது’ ஆகிவிடுகிறது. திறந்த வெளியில் மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடிப் பழகிய குரலை ‘கத்தல்’ என்று குறிப்பேட்டில் எழுதுகிறார்கள்.

பேச்சுப் பயிற்சியிலும் இதே கதை. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு தமிழ், ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தமிழ் இருக்கும் நாட்டில், ‘சுத்தமான உச்சரிப்பு’ என்று ஒன்றைத்தான் மதிப்பிடுகிறார்கள். வட்டாரத் தமிழ் நாடகத்தில் வரவே கூடாது என்று சொல்லவில்லை. வரும். நகைச்சுவைக்கு வரும், வேலையாள் பாத்திரத்துக்கு வரும். அரசனோ, தத்துவம் பேசுபவனோ, காதலில் உருகுபவளோ அந்தத் தமிழில் பேசியதை என் படிப்புக் காலத் தயாரிப்புகளில் நான் பார்த்ததில்லை.

அடுத்து, ஸ்தனிஸ்லாவ்ஸ்கி பெயரால் நடத்தப்படும் உணர்ச்சி நினைவுப் பயிற்சி. “உங்களை யாரோ அவமானப்படுத்திய ஒரு நாளை நினைத்துப் பாருங்கள், அதை இங்கே கொண்டுவாருங்கள்.” வகுப்பில் ஒருவர் தன் தோழி பேசாமல் போனதை நினைத்து அழுவார். இன்னொருவர் பள்ளியில் தன்னை மட்டும் கழிவறை கழுவச் சொன்னதை நினைத்து நடுங்குவார். பயிற்சி முடிந்ததும் இரண்டுக்கும் ஒரே கைதட்டல். இரண்டாவது ஆளின் அவமானம் மற்றவர்களுக்குப் பாடப்பொருளாகிறது. “என்ன ஒரு உண்மை உன் நடிப்பில்!” என்று பாராட்டுகிறார்கள். அந்த அவமானத்தை இழைத்தது யார், அவர்களின் பிள்ளைகள் இதே வகுப்பில் உட்கார்ந்து கைதட்டுகிறார்களா என்பதை யாரும் பேசுவதில்லை. தலித் மாணவரின் காயம் வகுப்பின் பொதுச்சொத்து ஆகிவிடுகிறது. அவருக்குக் கிடைப்பதோ மதிப்பெண் பட்டியலில் ஒரு எண். ஒரு மாணவர் “இதைக் காட்ட எனக்கு விருப்பமில்லை” என்று சொன்னால், அவர் ‘திறக்கவில்லை’, ‘இறுக்கமானவர்’ என்று குறிக்கப்படுகிறார்.

கதாபாத்திரப் பங்கீட்டைச் சொல்லவே வேண்டாம். முதுகலையின் நான்கு பருவங்களிலும் எனக்குக் கிடைத்தவை: காவலாள், தூது வந்தவர், அரக்கர் கூட்டத்தில் இரண்டாமவர், இறுதியில் ஒரு பிணம். “பாத்திரத்துக்குப் பொருந்த வேண்டும் அல்லவா” என்பதே எப்போதும் காரணம். நடிப்புக் கல்வியின் அடிப்படை, தான் அல்லாத ஒருவராக மாறக் கற்பது. ஆதிக்கச் சாதி மாணவர்களுக்கு அந்த வாய்ப்பு ஒவ்வொரு பருவமும் கிடைக்கிறது. அவர்கள் ஹாம்லெட் ஆகிறார்கள், ஓரங்க நாடகத்தில் தோட்டி ஆகிக் கைதட்டலும் வாங்குகிறார்கள். நமக்கு மட்டும் நாமாகவே இருக்கும் பாத்திரம். இது பாத்திரப் பங்கீடு அல்ல, வருணப் பங்கீடு.

வடிவமைப்பு வகுப்பு: விளக்குக்கும் சாதி உண்டா?

வடிவமைப்பு தொழில்நுட்பம்தானே, அதில் எங்கே சாதி என்று கேட்கும் தோழர்கள் உண்டு. ஒளியமைப்பிலிருந்தே தொடங்குவோம். 1932இல் யேல் பல்கலைக்கழக ஆசிரியர் ஸ்டான்லி மெக்காண்ட்லெஸ் எழுதிய முறைதான் இன்றும் முதல் பாடம். நடிகரின் முகத்துக்கு இரு பக்கமும் 45 பாகைக் கோணத்தில் இரண்டு விளக்குகள், ஒன்று வெதுவெதுப்பான நிறம், மற்றொன்று குளிர்ந்த நிறம். அன்று அவர் எந்த மேடையைப் பார்த்து எழுதினார், அந்த மேடையில் எந்த நிற முகங்கள் நின்றன என்பது சொல்லாமலே விளங்கும். அதை வாய்ப்பாடாக ஒப்பித்து, நம் மேடையில் கறுப்புத் திரையைப் பின்னணியாகத் தொங்கவிட்டு, அதன் முன்னே கறுத்த நடிகரை நிறுத்தினால் என்ன ஆகும்? முகம் திரையோடு கரையும்.

தீர்வு கடினமானதல்ல. பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் ஒளி கொடுத்தால் உருவம் திரையிலிருந்து பிரியும். பின்னணி நிறத்தை மாற்றலாம். உடையின் நிறத்தை மாற்றலாம். கறுத்த தோலில் ஒளி பளபளத்துத் தெறிக்கும் அழகை வைத்தே ஒரு காட்சியை அமைக்கலாம். இதெல்லாம் வடிவமைப்பு. ஆனால் நான் படித்த இடத்தில், ஒத்திகையில் என் முகம் தெரியவில்லை என்றதும் வந்த உத்தரவு, “பேன்கேக் இன்னும் இரண்டு பூச்சு போடு” என்பதுதான். விளக்கை மாற்றுவதற்குப் பதில் முகத்தை மாற்றச் சொன்னார்கள். ஒரு கல்விமுறையின் சாதியை இதைவிடச் சுருக்கமாக எனக்கு விளக்கத் தெரியாது.

அடுத்தது செலவு. மேடையின் மாதிரியை 1:25 அளவில் செய்துவரச் சொல்வார்கள். ஃபோம் போர்டு, பால்சா மரம், வெட்டும் கத்தி, வண்ணம், அச்செடுப்பு. அது நிறைவாக இல்லை என்றால் இன்னொன்று. உடையமைப்புக்குத் துணி மாதிரிகள். இறுதித் தயாரிப்புக்குத் துறை தரும் தொகை போதாமல் போகும்போது மீதியைக் கையிலிருந்து போடுகிறார்கள் மாணவர்கள். கையில் இருப்பவரின் வடிவமைப்பு ‘பிரமாண்டம்’, இல்லாதவரின் வடிவமைப்பு ‘எளிமை’. மதிப்பெண் பிரமாண்டத்துக்கு. உதவித்தொகை எத்தனையோ மாதம் தாமதமாக வரும் மாணவருக்கு இந்த மாதிரிப் பெட்டி ஒரு பாடம் அல்ல, ஒரு மாதச் சாப்பாடு.

எல்லாவற்றையும்விடப் பெரிய மோசடி ‘வடிவமைப்பாளர்’ என்ற சொல்லில் இருக்கிறது. தெருக்கூத்தில் வடிவமைப்பு இல்லையா? கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்கிக் கிரீடமும் புஜக்கீர்த்தியும் மார்புப் பதக்கமும் செய்து, கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டுகிறார்கள். ஏன் அந்த மரம்? எடை குறைவு. விடியவிடிய சுழன்றாடும் உடல் அதைத் தாங்க வேண்டும். ஏன் கண்ணாடி? தீவட்டி வெளிச்சத்தில் ஒவ்வொரு துண்டும் ஒரு விளக்காகும். பொருளறிவு, ஒளியறிவு, உடலறிவு மூன்றும் சேர்ந்த இதைவிட நேர்த்தியான வடிவமைப்புப் பாடம் எது? தீவட்டிக் காலத்தில் பல ஊர்களில் அந்தத் தீவட்டியைப் பிடித்து நின்றவர் வண்ணார். ஆட்டக்காரர் நகர நகர ஒளியை நகர்த்தியவர் அவர். திரைக்கும் வேடத்துக்கும் சேலை தந்ததும் அவர் வீடு. அவரை எந்த நூலும் ‘ஒளியமைப்பாளர்’ என்று எழுதவில்லை. அது அவருடைய ‘ஊழியம்’. அதே வேலையை டிம்மர் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து செய்தால் அது கலை, அழைப்பிதழில் பெயர் வரும்.

மரபைக் கும்பிடச் சொல்லவில்லை

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மேற்கத்தியப் பயிற்சியைத் தூக்கி எறிந்துவிட்டு நாட்டார் கலைக்குத் திரும்புவோம் என்பது என் வாதம் அல்ல. அந்த வாதத்தை இந்துத்துவர்கள் நம்மைவிட நன்றாகப் பேசுகிறார்கள். கூத்துக் களத்துக்கும் சாதி உண்டு. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் ஊர் மக்கள் களத்தைச் சுற்றி உட்கார, சேரி மக்கள் எட்டத்தில் நின்று பார்த்த வரலாறு நமக்குத் தெரியும். ஊருக்கு ஒரு கூத்துக் குழு, சேரிக்கு ஒரு கூத்துக் குழு என்று பிரிந்து கிடந்ததும் தெரியும். பெண் வேடத்தையும் ஆணே கட்டிய மரபு அது. வடிவமைப்பு வகுப்பில் பார்வைக்கோடு என்று ஒரு பாடம் உண்டு: எந்த இருக்கையிலிருந்து மேடையின் எந்தப் பகுதி தெரியும், எது மறையும் என்று கோடு போட்டுப் பார்ப்பது. கூத்துக் களத்தை வரைந்து, யார் எங்கே நின்றார்கள் என்று அதே கோட்டைப் போட்டுப் பார்க்க ஒருமுறையாவது சொல்லிக்கொடுத்தால், மாணவர்கள் சாதியைத் தாளில் கண்ணால் பார்ப்பார்கள்.

பறையும் அப்படித்தான். இழவு வீட்டில் அடிக்க மாட்டோம் என்று மறுத்து அடிபட்ட மக்களின் கருவி அது. நாடகத்துறைகளில் காலைப் பயிற்சிக்கு உற்சாகமூட்டப் பறை அடிக்கிறார்கள். அடிக்கட்டும். அந்த மறுப்பின் வரலாற்றையும் சேர்த்துப் பாடம் நடத்தட்டும். தாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வரலாற்றை வாசலில் விட்டுவருவதற்குப் பெயர் மரியாதை அல்ல.

நமக்கு வேறு பாரம்பரியம் இருக்கிறது

நாடகம் நமக்குப் புதிதாகக் கற்றுத்தரப்பட்ட ஒன்றல்ல. 1855இல் ஜோதிராவ் புலே ‘திருதிய ரத்னா’ என்ற நாடகத்தை எழுதினார். எழுத்தறிவில்லாத உழவர் குடும்பத்தைப் பார்ப்பனச் சோதிடர் ஏமாற்றுவதும், கல்வியே விடுதலைக்கு வழி என்பதும் அதன் பொருள். தட்சிணா பரிசுக் குழு அதை ஏற்க மறுத்தது. ‘குலாம்கிரி’ வெளிவருவதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே, சாதியைப் பற்றிப் பேச அவர் கையிலெடுத்தது நாடகத்தை. இந்திய நாடக வரலாற்றுத் தாளில் புலேவுக்கு எத்தனை பக்கம் என்று உங்கள் துறையில் கேட்டுப் பாருங்கள்.

பீகாரில் நாவிதர் சமூகத்தில் பிறந்த பிகாரி தாக்கூர், பிழைக்க ஊர்விட்டுப் போனவர்களின் வீட்டுப் பெண்களின் துயரை ‘பிதேசியா’வில் போஜ்புரியில் ஆடிக்காட்டினார். மகாராஷ்டிரத்தில் மாங் சமூகத்தில் பிறந்த அண்ணாபாவ் சாட்டே, பள்ளிக்கூடத்தில் நிலைக்க முடியாதவர், தமாஷா வடிவத்தைத் தொழிலாளர் மேடையாக மாற்றினார். தமிழ்நாட்டில் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த எம்.ஆர். ராதாவின் மேடைக்கு அஞ்சியே 1954இல் நாடகத்தைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை அரசு கொண்டுவந்தது. தலித் அரங்கு என்ற பேச்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக வளாகங்களுக்குள் தைரியமாகக் கொண்டுவந்த கே.ஏ. குணசேகரன், ‘பலி ஆடுகள்’ எழுதியவர், ‘வடு’ எழுதியவர், புதுவையில் பேராசிரியராகவே இருந்தார். 2016இல் அவர் மறைந்த பிறகு அந்தப் பேச்சு எந்தத் துறையின் மையப் பாடமாகத் தொடர்கிறது? ‘விருப்பப் பாடம்’ என்ற மூலையில் ஒரு அலகாக இருந்தால் அதுவே அதிகம்.

பயிற்சி பெற்றவர்கள் எப்படி நடந்துகொள்ளலாம் என்பதற்கும் முன்மாதிரி உண்டு. ஹபீப் தன்வீரும் ராடாவில் படித்தவர்தான். திரும்பி வந்து சத்தீஸ்கரின் நாச்சா கலைஞர்களோடு வேலை செய்தபோது, இங்கிலாந்தில் கற்ற இயக்குமுறையை அவர்கள் மேல் திணித்தால் அவர்களின் ஆட்டம் முடங்கிப்போவதைக் கண்டார். அவர்களுடைய மொழியில், அவர்களுடைய அசைவில் ஆடவிட்டார். அந்தக் குழுவின் ‘சரண்தாஸ் சோர்’ 1982இல் எடின்பரோ விழாவில் பரிசு பெற்றது. அவரும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டவர் அல்லர். சுவரொட்டியில் பெரிதாக வந்தது அவர் பெயர்தான். ஆனாலும் திருத்தப்பட வேண்டியது நடிகரின் உடல் அல்ல, ஆசிரியரின் முறை என்பதை அவர் செய்து காட்டினார். நம் துறைகளோ இன்னும் நடிகரைத் திருத்திக்கொண்டிருக்கின்றன.

‘திறமை’ என்ற கடைசி ஆயுதம்

இவ்வளவும் சொன்ன பிறகு வரும் கேள்வி தெரிந்ததே: “அப்படியானால் பாத்திரத்துக்கும் இடஒதுக்கீடு கேட்கிறீர்களா? கலையில் திறமைதானே முக்கியம்?” வகுப்பறைத் தயாரிப்பு வணிக நாடகம் அல்ல. அங்கே சீட்டு விற்பதில்லை. அது ஒரு பாடம். வேதியியல் ஆய்வகத்தில் சில மாணவர்களுக்கு மட்டும் சோதனை செய்ய விட்டு, மற்றவர்களைக் குடுவை கழுவச் சொன்னால் அதைத் திறமை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மையப் பாத்திரம் ஏற்று நடிக்காமலேயே ஒருவர் நடிப்பில் முதுகலைப் பட்டம் பெறுகிறார் என்றால், அவருக்குப் பாடம் நடத்தப்படவில்லை என்று பொருள். அதன் பிறகு “அவருக்குத் திறமை போதவில்லை” என்று சொல்வது, கிணற்றில் இறங்க விடாமல் தடுத்துவிட்டு நீச்சல் தெரியாதே என்று நகைப்பது.

ஆகவே கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

சேர்க்கையில் நடிப்புத் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் எழுதப்பட்ட அளவுகோல் வேண்டும்; ஒவ்வொரு பகுதியின் மதிப்பெண்ணும் தனித்தனியாக வெளியிடப்பட வேண்டும். திருவிழாவில் வேடம் கட்டியதும் நாடக அனுபவம் என்று ஏற்கப்பட வேண்டும். கூத்து, தோல்பாவை, பறை ஆசான்களைப் பட்டம் கேட்காமல் முழுநேர ஆசிரியராக நியமிக்க மானியக் குழு விதியைத் திருத்த வேண்டும். அந்த நியமனத்திலும் இடஒதுக்கீடு வேண்டும், இல்லையேல் அந்த வாசலிலும் ஆதிக்கச் சாதியே வரிசையில் நிற்கும். ஒவ்வொரு மாணவரும் படிப்புக் காலத்தில் ஒருமுறையாவது மையப் பாத்திரம் ஏற்க வேண்டும் என்பது பாடத்திட்ட விதியாக வேண்டும். சொந்த அவமானத்தைக் காட்டும் பயிற்சியை மறுக்க உரிமை வேண்டும், மறுத்தால் மதிப்பெண் குறையக் கூடாது. வடிவமைப்புப் பொருட்களைத் துறையே தர வேண்டும். மாணவர் தன் பணத்தில் செய்த தயாரிப்புக்குக் கூடுதல் மதிப்பெண் தரும் வழக்கம் ஒழிய வேண்டும். கறுத்த தோலுக்கு ஒளியமைப்பது முதல் பருவத்திலேயே பாடமாக வேண்டும். புலேயும் சாட்டேயும் குணசேகரனும் மையத் தாளில் வர வேண்டும்.

இவற்றில் பலவற்றுக்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. பாடத்திட்டக் குழுவின் ஒரு கூட்டம் போதும். அந்தக் கூட்டத்தின் நாற்காலிகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நாம் கேட்கத் தொடங்க வேண்டும்.

நாடகம் படிக்கப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு சொல். உங்கள் உச்சரிப்பில் குறை இல்லை, தோளில் குறை இல்லை, நிறத்தில் குறை இல்லை. முகம் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் பூச்சை எடுக்காதீர்கள். விளக்கைத் திருப்பச் சொல்லுங்கள்.